ஆயாக் கொட்டகைக்குக் கிடைத்த மானியம்

எண்பதுகளின் தொடக்கத்தில் நானும் அண்ணியும் மலேசியாவில் சுங்கை பெசாருக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் பாலர் வகுப்பு நடத்தினோம். பெற்றோர் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் ஆயாக் கொட்டகையில், பாதி இடத்தை நிர்வாகம் எங்களுக்கு ஒதுக்கியிருந்தது. கூரைத் தகரம் மட்டும் துருப்பிடித்து ஓட்டையாகிக் கிடந்தது.

கோலாலம்பூரில் ஓர் அறநிறுவனம் தோட்டத்து வகுப்புகளுக்கு மானியம் கொடுப்பதாகக் கேள்விப்பட்டுத் தொலைபேசியில் கேட்டேன். பதிவு பெற்ற சங்கத்துக்குத்தான் கொடுப்பார்களாம். நாங்கள் எங்கே சங்கம்? இரண்டு பெண்களும் ஒரு கரும்பலகையும்தான்.

“வேற சங்கம் ஏதாச்சும் நமக்காக வாங்கிக் குடுத்தா ஆவாதா?” என்றார் அண்ணி. மறுபடி கேட்டேன். ஆகும் என்றார்கள். அந்தச் சங்கம்தான் கணக்குக் காட்ட வேண்டும், பொறுப்பும் ஏற்க வேண்டும்.

சுங்கை பெசாரில் உணவுக்கடை வைத்திருந்த பாய்தான் வணிகர் சங்கத் தலைவர். பஸ் ஏறிப் போய் விஷயத்தைச் சொன்னோம்.

“அதுக்கென்னம்மா, பேரு எங்களோடது, வேலை ஒங்களோடது. நல்லதுதானே!” என்று உடனே சம்மதித்துவிட்டார். ஆனால் எங்களையும் வரச்சொல்லியிருந்த சங்கக் கூட்டத்தில், உறுப்பினரான ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் முறுக்கிக்கொண்டார்.

“நாளைக்கு ஏதாச்சும் ஆனா நம்ம பேருல்ல கெடும்? இவங்க என்ன நடத்துறாங்கன்னு யாருக்குத் தெரியும்?”

எனக்கு முகம் சுண்டிவிட்டது. அண்ணி அசரவில்லை. “அப்ப வந்து பாருங்க லா!”

வந்தார்கள். பாயின் காரிலிருந்து அவரும் ஜவுளிக்கடைக்காரரும் இறங்கிக் கொட்டகைக்குள் நுழைந்த சிறிது நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் பாட்டை நிறுத்தவேயில்லை. பாடிக்கொண்டே கோரைப்பாய்களைச் சுருட்டி, பலகையைத் தள்ளி, ஒழுகாத மூலையில் ஒண்டிக்கொண்டார்கள். அவர்களுக்கு அது தினசரி பழக்கம். ஜவுளிக்கடைக்காரர் நின்ற இடத்தில் தலைமேலேயே தண்ணீர் கொட்டியது. ஒரு சின்னப் பெண் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள்.

“தாத்தா, அங்கல்லாம் நிக்கக்கூடாது. இங்க வாங்க.”

மழை விடும்வரை அவர் அந்த மூலையில் குந்தியிருந்தார். அவள் விடவில்லை, அவரையும் பாட வைத்தாள். பாய் சிரித்த சிரிப்பில் அந்தப் பக்கம் தூங்கிய கைக்குழந்தைகள் விழித்து அழ ஆரம்பித்துவிட்டன.

கிளம்பும்போது ஜவுளிக்கடைக்காரர் ஈரச் சட்டையைப் பிழிந்தபடி பாயிடம் சொன்னது ஒன்றுதான். “மொதல்ல கூரைய மாத்தச் சொல்லுங்க.”

மானியம் சங்கத்தின் பேரில் வந்தது. புதுத் தகரமும் சின்ன நாற்காலிகளும் வாங்கினோம். கணக்கு எழுதும் செலவுக்கென்று சங்கம் ஒரு சிறு பங்கை எடுத்துக்கொள்ளலாம் என்று அறநிறுவனமே சொல்லியிருந்தது. அதைப் பிள்ளைகளுக்குப் பால்மாவாக வாங்கி அனுப்பினார் பாய்.

வேலைகளைப் பார்க்க அறநிறுவனத்து அம்மையார் வந்தபோது, “யார் பொறுப்பாளர்?” என்று பாயிடம் கேட்டார்.

“பணத்துக்கு நாங்க பதில் சொல்லுவோம். வகுப்பப் பத்தி இவங்ககிட்ட கேளுங்க” என்று எங்களைக் கைகாட்டினார் பாய். அன்றைக்கு நான் நிமிர்ந்து நின்று பேசினேன்.

கொஞ்ச நாளில் பக்கத்து ஊரான சபாக்கிலிருந்து தையல் வகுப்பு நடத்தும் பெண்கள் தேடி வந்தார்கள். அவர்களுக்கும் பதிவு இல்லை. நான் சங்கத்துக்கு அழைத்துப் போனேன். பாய் யோசிக்குமுன்னே ஜவுளிக்கடைக்காரர் குறுக்கே விழுந்தார்.

“தையலா? அப்ப துணி நம்ம கடையிலதான் எடுக்கணும், சொல்லிட்டேன்!”