மலைக்குடில் கொப்பியில் எழுதாத பெயர்

"...பேரைக் குடுத்தால் ஆளையே குடுத்த மாதிரியடா, வா பேசாமல்!" என்று சூசை அண்ணை என்னை இழுத்தார். ஊரில் சமாதானப் பேச்சு நடந்த காலம். ஜெர்மனியின் அல்ப்ஸ் மலைக்குடில் ஒன்றில் நின்றோம். மேலே ஏறுகிறவர்கள், திரும்பாவிட்டால் தேடுவதற்காக, பெயரையும் போகும் சிகரத்தையும் அங்குள்ள கொப்பியில் எழுதவேண்டும். இராணுவம் பெயர்ப்பட்டியல் வைத்து ஆட்களைப் பிடித்த மன்னாரிலிருந்து வந்தவர் அண்ணை. நானும் எழுதவில்லை.

உச்சிக்குக் கிட்டப் பனி கொட்டி, வழி மறைந்தது. பாறையடியில் ஒடுங்கினோம்.

"தேடி வருவினம் அண்ணை."

"ஆரைத் தேடிறது?"

மறுநாள், கோடை மேய்ச்சல் முடிந்து மாடுகளை இறக்க வந்த ஒருவர் தற்செயலாகக் கண்டார். குளிர் அண்ணையின் வலக்கையில் இரண்டு விரல்களைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது எழுதாமல் ஒரு குடிலையும் நான் தாண்டுவதில்லை. போன கோடையில் அதே குடிலின் கொப்பியில் எழுதிவிட்டுப் பேனாவை வைத்தேன். அண்ணை மிச்ச விரல்களால் அதை எடுத்து, தன் முழுப்பெயரையும் மெதுவாக எழுதினார்.