ரகம் இல்ல பாய், அகம்

சௌந்தரராஜன் சாமியின் மகள் போனில் அனுப்பிய செய்தியைப் பாலக்கரை பஸ் ஸ்டாப்பில் நின்று நானே படித்தேன். எழுபது வயதைத் தாண்டி எழுத்துக் கூட்டக் கற்ற எனக்கு, பிறரிடம் போனை நீட்டாமல் முழுதாகப் படித்த முதல் செய்தி அதுதான். ‘அப்பா இன்று காலை ஆசார்யன் திருவடி அடைந்தார்.’ பக்கத்தில் நின்றவரிடம், “நானே படிச்சேங்க. எங்க சாமி அவங்க குருவைப் பார்க்கப் போயிருக்காராம். நடக்க முடியாம கிடந்தவருங்க!” என்று சிரித்தேன். அவர் போனையும் என் முகத்தையும் பார்த்துவிட்டுத் தள்ளிப் போனார்.

ஆஸ்பத்திரி வார்டில் சாமியின் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டிருந்தது. சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “பாய், அவங்க வீட்டுல இறந்துட்டா அப்படித்தான் எழுதுவாங்க.” அதுவரை சிரித்த முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

டயாலிசிஸ் வார்டில் எங்களோடு படுத்திருந்த எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஸ்ரீரங்கத்துக்காரர், தபால் ஆபீசில் வேலை பார்த்தவர். எனக்கு நின்றுபோனது போலவே அவருக்கும் சிறுநீரகம் இரண்டும் நின்றுபோயிருந்தன. உடம்பில் சேரும் கழிவும் மிஞ்சிய தண்ணீரும் தானாக வெளியேறாது. இரத்தத்தை வெளியே எடுத்து, மெஷினில் வடிகட்டி, திரும்ப உள்ளே அனுப்புவார்கள். அப்படி அசையாமல் கிடக்கும் நேரத்தில்தான், எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டி எனக்கு எழுத்துச் சொல்லித் தந்தார்.

நான் கல்யாண வீடுகளில் பிரியாணி ஆக்கியவன். படத்தில் எழுதியிருந்ததை ‘சிறுநீ... ரகம்’ என்று பிரித்துப் படித்துவிட்டு, “இது எந்த ஊரு அரிசி சாமி? சீரகச் சம்பா மாதிரி ஒரு ரகமா?” என்று கேட்டேன். அவர் குலுங்கிச் சிரித்ததில் ஊசி குத்திய கை ஆடி, மெஷின் கூவத் தொடங்கியது. சிஸ்டர் ஓடி வந்து இருவரையும் திட்டினார்.

“ரகம் இல்ல பாய், அகம். எங்காத்துல ஆம்னு சொல்றோமே, அதான். சிறுநீருக்கு வீடு.”

“வீடு பூட்டிக் கிடக்கே சாமி.”

“அதான் வாடகைக்கு இருக்கோம்,” என்று மெஷினைக் கண்ணால் காட்டினார்.

ஒருநாள் எனக்கு வெறுத்துவிட்டது. “போதும் சாமி, இனிமே நான் வரலை,” என்றேன். டாக்டரிடம் சொல்லாத காரணத்தை அவரிடம் சொன்னேன். கழிவறையிலிருந்து வெளியே வந்ததும், உடம்பை விட்டு உபாதையை நீக்கிய அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லும் துஆ ஒன்று எங்களுக்கு உண்டு. சிறுவயதில் அத்தா சொல்லிக்கொடுத்தது. நாள் முழுக்க முணுமுணுத்துக்கொண்டிருந்தவன், சிறுநீர் நின்றபின் காலையில் ஒரு முறையோடு சரி. நன்றி சொல்லக்கூட வழியில்லாத உடம்பு எதற்கு என்று கேட்டேன்.

அவர் மெஷின் பக்கம் தலையைத் திருப்பினார். “மெஷினும் அதைத்தானே பாய் பண்றது? ஊசியை எடுத்தப்புறம் சொல்லுங்கோ. உங்க அல்லா கோச்சுப்பாரா?”

“மாட்டாரு.”

“அப்போ என் பங்கையும் சேர்த்துச் சொல்லுங்கோ. எங்களுக்கு இதுக்குன்னு ஒண்ணும் தெரியாது. கை கால் அலம்பிண்டு வந்துடுவோம்.”

அன்றிலிருந்து ஊசியை எடுத்ததும் துஆவைச் சொல்வேன். பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, “ஆச்சா?” என்பார். “ரெண்டு பேருக்கும் ஆச்சுங்க,” என்பேன்.

கடைசி வாரங்களில் அவருடைய இதயம் மெஷினைத் தாங்கவில்லை. பாதியில் நிறுத்தினார்கள். கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. “ரெண்டு ஆத்துக்கு நடுவுல பொறந்தேன் பாய். இப்போ ஆறு உள்ளயே வந்துடுத்து,” என்றார். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செய்தி தெரிந்த அன்று வீட்டுக்குத் திரும்பிவிடத்தான் கதவு வரை போனேன். “பாய், மெஷின் ரெடி,” என்றார் சிஸ்டர். சாமியின் பங்கு நினைவுக்கு வந்தது. வந்து படுத்துக் கையை நீட்டினேன்.

இப்போது நான் எழுதும் இந்த எழுத்து அவர் தந்தது. அந்தப் பங்கும் என்னிடம்தான் இருக்கிறது. அன்றும் ஊசியை எடுத்ததும் துஆவைச் சொன்னேன். சாமியின் கட்டிலுக்கு அன்று புதிதாக வந்திருந்தவர், “என்னங்க முணுமுணுக்கிறீங்க?” என்று கேட்டார்.

“ரெண்டு பேருக்கும் ஆச்சுங்க,” என்றேன்.