காஜா பேராங் பல் டாக்டர்

மலாய் நாட்டை ஜப்பான்காரன் பிடித்து ஆண்ட காலத்தில் பல் வலித்தால் பிடுங்கிப் போடுவதுதான் வழக்கம். என் கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டிக் கன்னம் வீங்கியபோது, நானும் அந்த எண்ணத்தோடுதான் எங்கள் ஊர்ப்பக்கம் காஜா பேராங்கில் இருந்த தமிழ்ப் பல் டாக்டரிடம் போனேன். ஒல்லியான மனிதர். சட்டையில் ஒட்டுப் போட்டிருந்தாலும் வெள்ளை வெளேரென்று இருக்கும். ஒருவர் வாயில் வைத்த ஊசியைக் கரியடுப்பில் கொதிக்க வைக்காமல் அடுத்தவருக்கு எடுக்கவே மாட்டார்.

"பிடுங்க வேணாம் தம்பி. வேருக்குள்ள உள்ள சீழை எடுத்துட்டா பல்லு நிக்கும். மரத்துப்போற மருந்து இல்ல, வலிக்கும். தாங்குவீங்களா?"

தலையாட்டினேன்.

அவர் வேரைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது ஒரு ஜப்பானியச் சிப்பாய் தாடையைப் பிடித்தபடி நுழைந்து, என்னை எழுந்திருக்கச் சொல்லிக் கத்தினான். பயந்து எழப்போன என்னை டாக்டர் தோளில் கைவைத்து அமர்த்தினார். கையிலிருந்த ஊசியையும் கொதிக்கும் சட்டியையும் அவனுக்குக் காட்டி, "துங்கு டுலு" என்று மலாய் மொழியில் பொறுக்கச் சொன்னார்.

அவன் ஓங்கி அறைந்தான். கண்ணாடி கீழே விழுந்தது. டாக்டர் அதை எடுத்து மாட்டிக்கொண்டு, "வாயத் திறங்க தம்பி" என்றார். விட்ட இடத்திலிருந்து வேரைச் சுத்தம் செய்யத் தொடங்கினார். சிப்பாய் என்ன நினைத்தானோ, முணுமுணுத்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

பல்லை அடைக்க மறுபடி போனபோது, "உங்களுக்குப் பயமா இல்லையா டாக்டர்?" என்று கேட்டேன்.

"பயம்தான். ஆனா உங்க சீழ் அவன் வாய்க்குப் போகலாமா? அவனும் வலின்னுதானே வந்தான்."

அந்தப் பல் இன்னும் எனக்கு உழைக்கிறது. அறைந்தவனுக்காகவும் அறை வாங்கிக்கொண்ட அந்த மனிதரைத்தான் இன்றுவரை என்னால் முழுதாகப் புரிந்துகொள்ள முடியவில்லை.