ஐஸ் நோட்டு

சியர்லீடிங் ஜிம்மில் ரிசப்ஷன் வேலை என்றால், உள்ளே பிள்ளையை மேலே தூக்கிப் போடுவார்கள், வெளியே நாம் அந்தப் பிள்ளையின் அப்பாவிடம் சிரித்த முகமாக "டீ வேணுமா சார்?" என்று கேட்க வேண்டும். துபாயில் நான்கு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். ஆஸ்பத்திரி, ஸ்கூல், டிராவல்ஸ் ஆபீஸ் என்று எங்கேயாவது கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் மேசை போட்டுப் பிழைக்கிறவர்களுக்கு நான் சொல்லப்போவது தெரிந்த கதையாகத்தான் இருக்கும். எதையும் நாம் செய்திருக்க மாட்டோம். எல்லாவற்றுக்கும் பதில் மட்டும் நாம் சொல்வோம்.

எந்த டீம்?

எனக்கு ஊர் தூத்துக்குடி. எங்கள் ஜிம்மில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் தமிழ் போன் எல்லாம் எனக்கே வரும். சியர்லீடிங் என்றதும் நம்மவர்களுக்கு ஞாபகம் வருவது கிரிக்கெட் மைதானம், சிக்ஸர் போனால் ஓரத்தில் குஞ்சம் ஆட்டுகிற பெண்கள். அது வேறு, இது வேறு என்று விளக்குவதற்குள் பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள்.

இங்கே மூன்று நான்கு பிள்ளைகள் சேர்ந்து ஒரு பிள்ளையைத் தூக்கி நிறுத்துவார்கள், மேலே வீசுவார்கள், பிடிப்பார்கள். மேலே போகிறவள் ஃப்ளையர். கீழே தாங்குகிறவர்கள் பேஸ். பின்னால் நின்று, மேலே இருப்பவளின் தலையையும் கழுத்தையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவர் ஸ்பாட்டர். அவள் விழுந்தால் பிடிப்பது அவர் வேலை. இந்த மூன்று சொல் தெரிந்தால் போதும், மீதி எல்லாம் பாட்டும் பளபளப்பும்தான்.

ஷார்ஜாவிலிருந்து ஓர் அப்பா இதை எல்லாம் போனில் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். எட்டு வயதுப் பெண் அவருக்கு. பாதுகாப்பா, நேரமா, என்ன கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். ஒரே ஒரு சந்தேகம்தான் அவருக்கு: "எல்லாம் சரி மேடம், நீங்க எந்த டீமுக்கு சப்போர்ட்?"

ஃப்ளையர் இருக்கா?

சரவணன் சார் முதல் தடவை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருவாரூர்ப் பக்கத்துக்காரர், ஜெபல் அலியில் ஒரு கிடங்குக் கம்பெனியில் சேஃப்டி ஆபீசர். கூடவே பத்து வயது மகள் தன்யா. அவர் கேட்டது விளம்பரத் துண்டுப் பேப்பரை. "ஒரு ஃப்ளையர் கிடைக்குமா?" என்றார். நான் பிள்ளைக்கு இடம் கேட்கிறார் என்று நினைத்து, ஃப்ளையர் எல்லாம் ஃபுல், பேஸ்தான் காலி, நாலு மாசம் கழித்துப் பார்க்கலாம் என்று மடமடவென்று ஒப்பித்தேன்.

ஒரு பேப்பருக்கு நாலு மாசமா என்று அவர் யோசித்தது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் மரியாதைக்காரர். "பரவால்ல மேடம், பழசு இருந்தாக்கூட குடுங்க. படிச்சுட்டுத் திருப்பித் தந்துடுறேன்."

அசெம்பிளி பாயிண்ட்

நாலு மாசத்தில் தன்யா நிஜமாகவே ஃப்ளையர் ஆனாள். உடம்பில் எடையே கிடையாது, பயமும் கிடையாது. அவள் மேலே ஏறி ஒற்றைக் காலில் நின்றால் மற்ற அம்மாக்கள் போனை எடுத்துவிடுவார்கள். அவள் அப்பா மட்டும் அந்த நேரத்தில் தரையைப் பார்ப்பார்.

எங்கள் ஜிம் அல் கூஸில் ஒரு பழைய வேர்ஹவுஸ். உள்ளே நுழைந்ததும் மகளை உட்கார வைத்துவிட்டு அவர் ஒரு சுற்று வருவார். தீயணைப்பு சிலிண்டரின் தேதி, எமர்ஜென்சி கதவுக்கு முன்னால் அடுக்கிய அட்டைப்பெட்டி, மெத்தைக்கும் மெத்தைக்கும் நடுவில் டேப் விட்டுப்போன இடம் எல்லாம் அவர் கண்ணில் படும். குறை சொல்ல மாட்டார். குனிந்து, விரலை அந்த இடுக்கில் விட்டு, ஆழம் பார்த்துவிட்டு எழுந்திருப்பார். ஒருநாள் என்னிடம் வந்து, தீப்பிடித்தால் எல்லாரும் எங்கே கூட வேண்டும் என்று கேட்டார். கீழே இருக்கும் கஃபெட்டீரியாவில்தான் எப்போதும் கூடுவோம் என்று சொன்னேன், அது உண்மையும்கூட. தன்யா ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: "அப்பா, திஸ் இஸ் நாட் ஜெபல் அலி."

இன்னும் ரெண்டு டஜன்

இனி என் நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு எங்காவது சுளுக்கிக்கொண்டால் ஃப்ரீசரிலிருந்து ஐஸ் பேக் எடுத்துக் கொடுப்பது என் வேலை. அது டிபன் பையோடு வீட்டுக்குப் போய்விடும், திரும்பி வராது. அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டு, பேர், தேதி, எந்த இடத்தில் வலி என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்து வாங்க ஆரம்பித்தேன். என் கண் ஐஸ் பேக் மேல்தான், பிள்ளைகள் மேல் இல்லை. இதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

முன்பெல்லாம் ஒரு பக்கம் நிரம்ப ஒரு மாசம் ஆகும். போன வருஷம் சீசன் நடுவில் பெரிய கோச் தோஹாவில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அவரோடு இரண்டு ஸ்பாட்டர்களும் போனார்கள். டான்ஸ் சொல்லிக்கொடுக்க வந்த ரேகாவையே எல்லாவற்றுக்கும் நிறுத்தினார்கள். நல்ல பெண், டெல்லிப் பக்கம், பிள்ளைகளுக்கு உயிர். ஆனால் இரண்டு குழுவுக்கு நடுவில் ஒரே ஆளாக ஓடிக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் ஒரு வாரத்தில் ஒரு பக்கம் நிரம்பியது. மணிக்கட்டு, கணுக்கால், மணிக்கட்டு, தோள், மூக்கு.

மூக்கு வந்த அன்றைக்கு நோட்டை எடுத்துக்கொண்டு ஓனர் அறைக்குப் போனேன். கெட்ட மனிதர் இல்லை அவர். ஹிந்தியில்தான் எங்களோடு பேசுவார், என்னை மகளே என்றுதான் கூப்பிடுவார். ஐஸ் ரொம்ப வேகமாகப் போகிறது என்று சொல்லி பழைய பக்கத்தையும் புதுப் பக்கத்தையும் அருகருகே காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். பிறகு அக்கறையோடு சொன்னார்: "அச்சா பேட்டி, தோ டஜன் ஔர் மங்வா லோ." இன்னும் இரண்டு டஜன் ஐஸ் பேக் வரவழைத்துக்கொள்ளச் சொல்கிறார்.

அச்சா

மேலே ஓனர் சொன்னாரே, அதே சொல்தான் அடுத்த சனிக்கிழமை தன்யாவைக் கீழே தள்ளியது.

தன்யாவின் இடது பக்கத்தைத் தாங்குகிறவள் மீனு, திருச்சூர்க்காரப் பிள்ளை. அவளுடைய அப்பா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் சரவணன் சார். தன்யா மேலே ஏறிவிட்டாள். ரேகா பின்னால் நிற்கிறாள். மீனுவுக்குக் கை மடங்க ஆரம்பித்தது. பயந்துபோன மலையாளத்துப் பிள்ளை யாரைக் கூப்பிடும்? அப்பாவைத்தான். "அச்சா!" என்றாள். ரேகாவின் ஊரில் அச்சா என்றால் நல்லது, சரி, ஆகட்டும். பிள்ளைகள் சமாளித்துவிட்டார்கள் என்று நினைத்து, அடுத்த குழுவைப் பார்க்க இரண்டடி தள்ளிப் போனாள்.

தன்யா மெத்தை இடுக்கில்தான் வந்து இறங்கினாள். இரண்டு காலும் ஊன்றி, அப்புறம் உட்கார்ந்து, உடனே எழுந்துவிட்டாள். முகத்தில் சிரிப்பு மாறவில்லை. விழுந்தாலும் சிரிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறோம் அல்லவா. விஷயம் புரிந்ததும் எல்லாரும் சிரித்தார்கள். மீனு, ரேகா, நான், மீனுவின் அப்பாகூட. நானும் சிரித்தேன் என்பதை எழுதித்தான் ஆக வேண்டும்.

சரவணன் சார் சிரிக்கவில்லை. என் மேசைக்கு வந்து, இதை எங்கே எழுதுவீர்கள் என்று கேட்டார். அவள் ஐஸ் வாங்கவில்லையே, அதனால் எழுத மாட்டோம் என்றேன். அவர் வேலை பார்க்கிற இடத்தில் மேலிருந்து ஒரு போல்ட்டு யார் தலையிலும் படாமல் விழுந்தால் அதற்கும் ஒரு பேப்பர் உண்டாம், நியர் மிஸ் என்று பேராம், எழுதாதவருக்குத்தான் வார்னிங்காம். நோட்டை வாங்கிக் கடைசி மூன்று பக்கத்தை நின்றுகொண்டே படித்தார். திருப்பித் தரும்போது குரல் உயரவில்லை. "அடிபட்டத எழுத ஆஸ்பத்திரி இருக்கு மேடம். அடிபடாதத எழுதத்தான் ஆள் வேணும்."

மேல யாரு?

போட்டிக்கு ஆறு வாரம் இருந்தது. எங்கள் போட்டி விதிப்படி, சீசன் நடுவில் ஜிம் மாறுகிற பிள்ளை அந்த வருஷம் புது ஜிம்முக்காக மேடை ஏற முடியாது. பழைய ஜிம்மில் பதினாறு பேர் போட்ட ஆட்டமும் குலையும். சரவணன் சார் மகளை வேறு ஜிம்முக்கு மாற்றப் பார்க்கிறார் என்ற செய்தி பரவியதும் பெற்றோர் வாட்ஸப் குழுவில் ஒரே அமளி. ஒருத்தர் குழந்தையின் மனசைப் பாருங்கள் என்றார், ஒருத்தர் சுயநலம் என்றார், ஒருத்தர் விஷயம் தெரியாமல் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னார்.

புதன்கிழமை தன்யா பயிற்சிக்கு வந்து, உள்ளே போகாமல் என் மேசைப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. மெடலுக்காக அழுகிறாள் என்று நினைத்து, அடுத்த வருஷம் வாங்கலாம் என்று எல்லாரும் சொல்வதைச் சொன்னேன். அவள் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். அங்கே ஐரா என்று ஏழு வயதுப் பிள்ளை ஒன்று குட்டிக்கரணம் பழகிக்கொண்டிருந்தது. குழுவில் தன்யாவுக்கு அடுத்தபடி எடை குறைந்தவள் அவள்தான். தன்யா கேட்டாள்: "ஆன்ட்டி, நான் போனா மேல யாரு ஏறுவா?"

காரணம்

அடுத்த நாள் சரவணன் சார் டூட்டி முடிந்து, சேஃப்டி ஷூவோடு நேரே வந்தார். போகலாமா இருக்கலாமா என்று அவருக்கே இரண்டு மனம். மகள் வீட்டில் இரண்டு நாளாகப் பேசவில்லை, பிள்ளைக்கு ஆசை காட்டி நடுவில் பிடுங்குகிறேனே என்றார். பிறகு என்னைப் பார்த்து, உங்கள் பெண்ணாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள், தூத்துக்குடியில், ஆறாம் வகுப்பு. என் விசா ஓனர் கையில். பயமாகத்தான் இருந்தது. இந்த மாதிரிக் கேள்விக்கு ரிசப்ஷனில் ஒரு பதில் உண்டு, "அது உங்க இஷ்டம் சார்" என்று. எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குக் கீழ் டிராயரைத் திறந்து, அவர் கேட்காமலே விலகல் படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். பேனாவின் மூடியையும் கழற்றி வைத்தேன்.

அவர் பேனாவை எடுத்துக்கொண்டார். பிறகு கட்டம் கட்டமாக, தெளிவான எழுத்தில் நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். விலகக் காரணம் என்ற இடத்தில், எதுவும் நடக்கவில்லை என்று எழுதியிருந்தார். ஓனரிடம் கொண்டுபோனேன். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, உண்மையிலேயே புரியாமல் என்னைப் பார்த்தார். ஒன்றும் நடக்காவிட்டால் ஏன் போகிறார் என்பது அவர் கேள்வி: "குச் நஹீ ஹுவா, தோ ஜா க்யோ ரஹா ஹை?"

புதுக் கோடு

அன்று சாயங்காலம் ஐஸ் நோட்டில் ஒரு புதுக் கோடு போட்டேன். தலைப்பு: ஐஸ் வாங்காதவர்கள். முதல் வரி: தன்யா, சனிக்கிழமை, மெத்தை இடுக்கு, அடி இல்லை. கையெழுத்துப் போட ஆள் இல்லாததால் நானே போட்டேன். நோட்டை எப்போதும்போல மேசைமேல் திறந்தே வைத்தேன். திறந்து வைக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

முதலில் படித்தவர் மீனுவின் அப்பா. இரண்டு நாளில் ஐராவின் அம்மா. அடுத்த வாரம் என் கீழ் டிராயரில் படிவம் தீர்ந்துவிட்டது. யாரும் இன்னும் நிரப்பித் தரவில்லை, கையில் வைத்துக்கொண்டு ஓனர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்கள். ஓனருக்கு நோட்டுதான் புரியாது, வரிசை நன்றாகப் புரியும். புது மெத்தை வந்தது. இரண்டு ஸ்பாட்டர்கள் வரும்வரை யாரையும் மேலே ஏற்றக் கூடாது என்று சொல்லிவிட்டார். ரேகாதான் எல்லாரையும்விட சந்தோஷப்பட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, தமிழில் தனக்குத் தெரிந்த ஒரே வாக்கியத்தைச் சொன்னாள்: "சாப்டாச்சா அக்கா?"

அபுதாபியில்

ஸ்பாட்டர்கள் போட்டிக்குள் வந்து சேரவில்லை. மேடையில் எங்கள் பிள்ளைகள் தரையிலேயே ஆடினார்கள், குட்டிக்கரணம் போட்டார்கள், நன்றாகச் சிரித்தார்கள். ஒருத்தியும் மேலே போகவில்லை. பதினோரு குழுவில் பதினோராவது.

தன்யா பார்க்க வந்திருந்தாள், புது ஜிம்மின் நீல டிஷர்ட்டில், அப்பாவுக்கும் தனக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலி விட்டு உட்கார்ந்து. எங்கள் பிள்ளைகள் ஆடும்போது மட்டும் எழுந்து நின்று ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று ஆட்டத்தின் தாளத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். முடிந்ததும் என்னிடம் வந்து, இன்றைக்கு எத்தனை ஐஸ் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். ஐரா மீனுவின் முதுகில் தொற்றிக்கொண்டு போவதைப் பார்த்து ஒரு தடவை தலையை ஆட்டிக்கொண்டாள். அந்தத் தலையாட்டலில் அப்பாவுக்கு மன்னிப்பு இருக்கும் என்று நான் நம்பியது தப்பு. பின்னால் நிற்கிற அவருக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள்: "நான் இருந்திருந்தா மேல நின்னிருப்பேன் ஆன்ட்டி. விழுந்திருக்கவே மாட்டேன்."

அவள் சொன்னது தப்பு என்று காட்ட ஒரு வழியும் கிடையாது; என் தொழிலிலும் சரவணன் சார் தொழிலிலும் வேலை ஒழுங்காக நடந்ததற்கு இருக்கும் ஒரே அத்தாட்சி, ஃப்ரீசரில் யாரும் தொடாமல் கெட்டியாகக் கிடக்கும் அந்த இரண்டு டஜன் ஐஸ்தான்.