வீட்டில் ஆண்கள் யாராவது இருக்கிறார்களா?

போன வாரம் ஒரு காலை. மணி பத்து இருபது. பதினோரு மணிக்கு எனக்கு ஆன்லைன் இன்டர்வியூ. லேப்டாப்பைத் திறக்கிறேன்... நெட் இல்லை!

உங்களுக்குத்தான் தெரியுமே, மாமியாரைப் பார்த்துக்கொள்வதற்காகக் கணக்கு டீச்சர் வேலையை விட்டவள் நான். ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. இப்போது ஆன்லைனில் கணக்குச் சொல்லித்தரும் ஒரு கம்பெனி கூப்பிட்டிருக்கிறது. நாற்பத்தெட்டு வயதில் இன்னொரு தடவை கூப்பிடுவார்களா?

பையனின் காலேஜ் காலத்து லேப்டாப் அது. கிழடுதான். ஆனால் ஆயுத பூஜைக்குப் படத்துக்கு முன்னால் வைக்கும்வரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. பூஜை முடிந்து இரண்டு நாள் கழித்து இப்போதுதான் திறக்கிறேன்.

வீட்டுக்காரர் லீவில் இருந்தார். திருப்பதிக்கு வந்து இருபது வருஷமாகியும் சொந்த ஊரான நகரியின் தமிழ் மாறாதவர்.

"இன்னாத்துக்கு அத்த நோண்டிகினு கீற? சனிக்கிழம பையன் வர்ரான், அவன் பாத்துக்குவான். இன்டர்வியூவ இன்னோரு நாள் வெச்சிக்கச் சொல்லு."

இன்னொரு நாளாம்! இதுவே அவருடைய ப்ரமோஷன் இன்டர்வியூ என்றால் சனிக்கிழமை வரை பொறுத்திருப்பாரா?

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். எடுத்தவர் தெலுங்கில் பேசினார். ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னார். பண்ணினேன். மறுபடியும் பண்ணச் சொன்னார். பண்ணினேன். கடைசியில் கேட்டார் பாருங்கள்...

"மேடம், இன்ட்லோ மகவாள்ளு எவரைனா உன்னாரா?"

வீட்டில் ஆண்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்கிறார்! குரல் என்னவோ மரியாதையாகத்தான் இருந்தது. எனக்குத்தான் சுர்ரென்று ஏறியது.

"எனக்கே சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன் தெலுங்கில். நாளை சாயந்திரம் ஆள் அனுப்புவதாகச் சொன்னார். போனை வைத்துவிட்டேன்.

சரி, கணக்கு டீச்சர்தானே நான்? ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்ப்போம்.

என் போனில் அதே வைஃபை வருகிறது. ஆகவே லைனும் ரவுட்டரும் நலம். போனிலேயே பேசிவிடலாம் என்றால், லேப்டாப்பில்தான் வரவேண்டும் என்பது கம்பெனி கண்டிஷன். போனில் ஹாட்ஸ்பாட் போட்டேன் — லேப்டாப்புக்கு அதுவும் தெரியவில்லை. மாடி வீடு, எதிர் வீடு என்று அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் எப்போதும் வரிசையாக நிற்கும். கோவிந்தா, கோவிந்தா டூ, கோவிந்தா த்ரீ... அன்றைக்கு ஒரு கோவிந்தாவும் இல்லை! அப்படியானால் கோளாறு லேப்டாப்பில்தான்.

கையில் தூக்கி நாலு பக்கமும் திருப்பினேன். முன் விளிம்பில் ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். காய்ந்து கெட்டிப்பட்டிருந்தது. ஊக்கால் சுரண்டினால், உள்ளே நகத்தளவு ஒரு ஸ்விட்ச்! வைஃபை ஸ்விட்ச். ஆஃபில் இருந்தது.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்குத் துடைத்துப் பொட்டு வைப்பது யார்? பைக், மிக்ஸி, சுத்தியல் எல்லாவற்றுக்கும் வருஷா வருஷம் அவர்தான். "அதெல்லாம் ஆம்பள வேல" என்று என்னைத் தொடவே விடமாட்டார். துடைத்த வேகத்தில் ஸ்விட்ச் நகர்ந்திருக்கிறது. அதன் மேலேயே அழகாகச் சந்தனத்தையும் அப்பியிருக்கிறார்.

"இது யார் வேலை?" என்று நீட்டினேன்.

உற்றுப் பார்த்தார். "பொட்டு வெக்க அந்த எடம் நல்லா இருந்திச்சி..." என்றார்.

ஸ்விட்சைத் தள்ளினேன். கோவிந்தாக்கள் வரிசையாக வந்து நின்றார்கள். மணி பத்து ஐம்பத்தாறு. பதினோரு மணிக்குக் கேமரா முன்னால் உட்கார்ந்து பின்னங்களைப் பிய்த்து உதறினேன். திங்கட்கிழமையிலிருந்து வகுப்பு எடுக்கிறேன். சந்தோஷம் தாங்கவில்லை, சொல்லிவிட்டேன்.

ரிப்பேர் பார்க்க ஆண் வேண்டும் என்கிறார்கள். ரிப்பேர் ஆனது யாரால் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. உங்கள் வீட்டில் எப்படி?

சாயந்திரம் அதே கஸ்டமர் கேர்க்காரர் கூப்பிட்டார். "ப்ராப்ளம் சால்வ் அயிந்தா மேடம்?"

"ஆயிடுச்சு" என்றேன். "காலையில கேட்டீங்களே, வீட்டுல ஆம்பளைங்க இருக்காங்களான்னு... இருந்தாங்க சார். அதுதான் ப்ராப்ளம்!"