ஒரு நாள் முந்திக்கொண்ட கைதட்டல்

மதுரை நாளிதழ் ஒன்றுக்குத் திண்டுக்கல் நிருபராக ஏழு வருஷம் இருந்தேன். கூட்டம் ஐந்து மணிக்கு என்றால், மூன்று மணிக்கே அழைப்பிதழைப் பார்த்துச் செய்தி எழுதி ரயிலில் அனுப்பிவிடுவேன். தலைமை இன்னார், வரவேற்பு இன்னார், திரளான மக்கள், பலத்த கைதட்டல். பிசகினால் திட்டு வாங்க மதுரையில் முதலாளி இருந்தார்.

பிறகு எனக்கே முதலாளி ஆசை வந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் பழைய டிரெடில் அச்சு மெஷின் ஒன்றை வாங்கி, வாரப் பத்திரிகை ஆரம்பித்தேன். சனிக்கிழமை விடிகாலை பஸ்ஸில் பத்திரிகைக் கட்டுகள் போகவேண்டும். அதனால் வெள்ளி மதியமே அச்சு ஓடிவிடும்.

முதல் இதழின் தலைப்புச் செய்தி, வெள்ளி மாலை வத்தலக்குண்டில் நடக்கவிருந்த வாசகசாலைத் திறப்பு விழா. தலைமை, வெற்றிலை மண்டி முத்தையா. வருஷம் முழுக்க விளம்பரம் தருவதாகச் சொன்ன ஒரே மனிதர். அவர் பின்வாங்கினால் பத்திரிகைக்கு இரண்டாம் இதழ் கிடையாது. ஆகவே செய்தியில் அவரை ஒரு மணி நேரம் பேசவைத்து, பேச்சு முழுவதையும் நானே எழுதினேன்.

கம்பாசிட்டர் அருளப்பன் எழுத்துக் கோத்தபடியே கேட்டார்: "சார், கூட்டம் அஞ்சு மணிக்குத்தான? மணி இப்பத்தான் பத்து. அதுக்குள்ள கைதட்டிட்டாங்களா?"

"ஏழு வருஷமா இப்பிடித்தான் தட்டுறாங்க. நீங்க கோத்து முடிங்க."

மறுநாள் கட்டுகளோடு நானும் பஸ் ஏறினேன். வத்தலக்குண்டில் இறங்கினால் ஊரெல்லாம் சேறு. வாசகசாலை வாசலில் பந்தல் சாய்ந்து கிடந்தது. மழையில் விழாவே நடக்கவில்லை. பஸ் ஸ்டாண்டிலோ என் பத்திரிகை சுடச்சுட விற்றுக்கொண்டிருந்தது. மண்டிக்கு ஓடினேன். முத்தையா கையிலும் பத்திரிகை.

"ஏந்தம்பி, நேத்து சாயங்காலம் நான் வீட்டுல உக்காந்து சுக்குக்காப்பி குடிச்சுக்கிட்டு இருந்தேன். எங்க போயி ஒரு மணி நேரம் பேசுனேன்? ஊரே சிரிக்குது."

"தப்புதாண்ணே. மன்னிச்சிருங்க."

அவர் மறுபடி படித்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"ஆனா நல்லாத்தான் பேசியிருக்கேன். மழ விட்டுருச்சு, இன்னைக்கே விழாவை வச்சுருவோம். ஒண்ணு தம்பி, இம்புட்டும் எனக்கு மனப்பாடம் ஆகாது."

பத்திரிகையில் முடிந்துபோன விழா எப்படி நடக்கிறது என்று வேடிக்கை பார்க்கவே மாலையில் திரள் கூடிவிட்டது. முத்தையா பத்திரிகையை விரித்து, தன் பேச்சை எழுத்துக்கூட்டி வாசித்தார். சரியாக ஒரு மணி நேரம் ஆனது. 'பலத்த கைதட்டல்' என்பதையும் வாசித்தார், தட்டினார்கள். 'கூட்டம் இனிதே நிறைவுற்றது' என்றும் வாசித்துவிட, எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். நன்றியுரை சொல்ல இருந்தவர் குறிப்புத்தாளும் கையுமாக நின்றார்.

விளம்பரம் தப்பியது. அடுத்த இதழில் திருத்தம் போட்டேன்: 'வெள்ளிக்கிழமை என்றிருந்ததைச் சனிக்கிழமை எனப் படிக்கவும்.' மற்றதெல்லாம் அப்படியே நடந்திருந்தது.

ஆனாலும் மண்டியில் முத்தையா முன்னால் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தை மறக்க முடியவில்லை. என் கைதட்டல்களுக்காக மதுரை முதலாளி ஏழு வருஷத்தில் எத்தனை பேர் முன்னால் அப்படி நின்றாரோ! நடந்ததையெல்லாம் ஒரு தபால் கார்டில் எழுதி, மன்னிப்புக் கேட்டு அவருக்குப் போட்டேன். நடந்து முடிந்த பிறகு நான் எழுதிய முதல் செய்தி அதுதான்.