என் பெண் கல்யாணத்துக்கு வந்த டிஜே

லேப்டாப்பும் நாலு கலர் லைட்டும் வைத்திருப்பவன் எல்லாம் டிஜே என்றால், தினமும் ஆட்டோவில் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போகும் என்னிடம் ஒரு ஆட்டோவைக் கொடுத்து ஓட்டச் சொல்லலாமே. சொல்வார்களா? கல்யாண வீட்டில் மட்டும் இந்த அநியாயத்துக்குக் கேள்வி கிடையாது. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

என் வீட்டுக்காரருக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆனது. பிழைத்து வந்தார், குரல் வரவில்லை. வெகு நாள் கழித்து வந்த குரலும் கரகரவென்று, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிதான். அந்தக் காலம் முழுக்க அவருக்காகப் பேசியது எங்கள் மகள். டாக்டரிடம், பேங்கில், காய்கறி வண்டிக்காரரிடம்கூட அவள்தான். அவர் முகத்தைப் பார்ப்பாள், சொல்லிவிடுவாள். அதனால் அவள் ரிசப்ஷனில் எல்லார் முன்னாலும், தன் வாயாலேயே, அவளுக்கு நன்றி சொல்லிவிட வேண்டும் என்று அவருக்கு ஒரே ஆசை. அவளிடம் மூச்சுவிடவில்லை. எனக்கு மட்டும்தான் தெரியும். தினமும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிச் சொல்லிப் பார்ப்பார்.

காக்ஸ் டவுன் பக்கம் ஒரு சர்ச் ஹால் பிடித்திருந்தோம். நான் முதலில் பேசிய டிஜேவுக்கு டிஜே வேலைதான் முழுநேரத் தொழில். எந்தப் பாட்டு வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை. மைக்கில் யார் யார் பேசுவார்கள் என்றுதான் கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். என் வீட்டுக்காரரை ஃபோனில் ரெண்டு வார்த்தை பேசச் சொல்லிக் கேட்டுவிட்டு, முந்தின நாளே அவரை ஹாலுக்கு அழைத்து வாருங்கள், அவரை வைத்தே மைக்கைச் சரிபார்க்க வேண்டும் என்றார். இவர்தான் என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

சம்பந்தி வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. மாப்பிள்ளையின் சித்தி மகன் இருக்கிறானாம். ஐ.டி. கம்பெனியில் வேலை, சனி ஞாயிறில் டிஜே. வீட்டுப் பிள்ளை இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று சம்பந்தியம்மா சிரித்துக்கொண்டே பேச்சை முடித்துவிட்டார். பெண்ணைக் கொடுக்கிறவர்கள் அதற்கு மேல் வாயைத் திறக்கக் கூடாது, அதுவும் ஒரு சட்டம். நானும் விடாமல் அந்த ஆளுக்கே ஃபோன் போட்டு, எங்கள் வீட்டுக்காரர் குரல் இப்படி என்று சொன்னேன்.

“டோன்ட் வொரி ஆன்ட்டி, நம்ம சிஸ்டம் செம பவர்” என்றான். பெண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே வரும்போது புகை விடலாமா என்று கேட்டான்.

ரிசப்ஷனில் கேக் வெட்டி முடிந்ததும் என் வீட்டுக்காரர் எழுந்து மைக்கை வாங்கினார். உதடு அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. நான் ஓடிப்போய்ச் சத்தத்தைக் கூட்டச் சொன்னேன். ஹெட்போனைக் கழற்றாமலே கட்டைவிரலைக் காட்டிவிட்டு எதையோ திருகினான். ஸ்பீக்கரை அவர் முதுகுக்குப் பின்னாலேயே வைத்திருந்தான் புண்ணியவான். அது கீச்சென்று கத்த, எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். குறைத்தான். மறுபடியும் வெறும் காற்றுதான் வந்தது. அவர் விடவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. ஸ்பீக்கரை நகர்த்து என்று நான் அவனிடம் கத்திக்கொண்டிருந்தேன்.

அவன் இன்னொரு மைக்கை எடுத்தான். “அங்கிளைக் கஷ்டப்படுத்த வேணாம். அங்கிளுக்குப் பதிலா அண்ணி பேசிடுவாங்க. எல்லாரும் கை தட்டுங்க.”

ஹாலே கைதட்டியது. மைக் என் மகள் கைக்குப் போனது. அவளுக்கு என்ன தெரியும்? எப்போதும் போல அப்பா முகத்தைப் பார்த்தாள்.

“அப்பா எல்லாருக்கும் தேங்க்ஸ் சொல்றாரு. இருந்து சாப்பிட்டுட்டுப் போகணும்னு சொல்றாரு.”

அவர் ஆமாம் என்று தலையாட்டினார். பிறகு மைக்கை மேஜைமேல் வைத்துவிட்டு, அவள் காதருகே குனிந்து வாயைத் திறந்தார். அதற்குள் பாட்டைப் போட்டுவிட்டான், பாவி.